‘415’ பற்றி எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் நாலு பேர், சேலம்தான், ப்ராக்ரெசிவ் மெட்டல் வாசிக்கிற குழு (அது என்ன என்பதும் கீழே வரும்). இரண்டு கிடார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். பாடுகிறவர் யாரும் கிடையாது. ‘415’ என்பது நாங்கள் செய்த, 41 நிமிடம் 30 விநாடி ஓடுகிற, இடைவெளி இல்லாத ஒரே இசை. 1942-43இல் ஜப்பானியப் படை சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவில் போட்ட ரயில் பாதையைப் பற்றியது, அதைப் போடப் போய்த் திரும்பி வராத தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றியது. வெளியிட்ட நாளிலிருந்து வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அவசரத்தில் அரைகுறைப் பதில் போடுவதற்குப் பதிலாக ஒரே இடத்தில் நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதுகிற நான் இடது பக்கக் கிடார். இடது பக்கம் என்று ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

அது என்ன ரயில் பாதை? பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகமே இல்லையே.

நானும் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பான் மலாயாவில் இறங்கியது, 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது, அப்புறம் பர்மாவும் அவர்கள் கைக்குப் போனது. பர்மாவில் இருந்த படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவது ஆபத்து, கப்பல்களை எதிரிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் தரை வழி. தாய்லாந்தில் நோங் ப்லாடுக் என்ற இடத்திலிருந்து பர்மாவில் தன்பியூசாயத் வரைக்கும் காட்டையும் பாறையையும் வெட்டி 415 கிலோமீட்டருக்கு மீட்டர் கேஜ் பாதை, 600க்கு மேல் பாலங்கள். இரண்டு முனையிலிருந்தும் வேலை நடந்து, 1943 அக்டோபர் 17 அன்று கோன்கொயிட்டாவில் தண்டவாளங்கள் சேர்ந்தன. ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

போட்டது யார் என்பதுதான் விஷயம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, அமெரிக்கா என்று 60,000க்கு மேற்பட்ட போர்க் கைதிகள். அதில் 12,000க்கு மேல் செத்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள்: பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன நம் தமிழர்கள். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் என்கிறார்கள், செத்தது 90,000 வாக்கில் என்கிறார்கள். கைதிகளின் எண்ணிக்கை ஓரளவு துல்லியமாக இருக்கிறது, இவர்களுடையது ‘ஏறத்தாழ’, ‘வாக்கில்’ என்றே கிடக்கிறது. கைதிகளுக்கு அதிகாரி இருந்தார், டாக்டர் இருந்தார், ஒளித்து வைத்து நாட்குறிப்பு எழுதியவர்கள் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளோடு போனவனுக்கு இதில் எது இருந்தது? காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் 6,982 கைதிகளுக்கு இடம் இருக்கிறது, புல்லை வெட்டி, பூச்செடி வைத்து, அவ்வளவு அழகாகப் பார்த்துக்கொள்கிறார்கள். பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். அதே ஊரில் 1990இல் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது மொத்தமாகப் புதைத்த தொழிலாளர்களின் எலும்புகள் வந்தன.

2023இல் காஞ்சனபுரியில் ஒரு புத்த கோயில் வளாகத்தில் அங்கே இறந்த தமிழர்களுக்கு நடுகல் வைத்தார்கள். எண்பது வருடம் கழித்து.

ஏன் பாட்டு இல்லை? வார்த்தையே இல்லாமல் கதை எப்படிப் புரியும்?

இதைக் கேட்காதவர் இல்லை.

முதலில் வரிகள் எழுதினோம், அது உண்மை. பேஸ் வாசிக்கிறவர் நன்றாக எழுதுவார், மூன்று பாட்டுக்கு வரிகள் ரெடியாக இருந்தன. ஒரு நாள் ராத்திரி கன்னங்குறிச்சியில் நாங்கள் பழகுகிற அறையில் உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டினார். ‘நான் இங்கே கிடக்கிறேன், என் பெயரைச் சொல்’ என்கிற மாதிரி ஒரு வரி வந்தது. படித்து முடித்ததும் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்த ‘நான்’ யார்? அந்தப் பெயரை எங்கே போய் எடுப்போம்? பெயரும் தெரியாமல், ஊரும் தெரியாமல், ஒரு செத்த மனுஷன் வாயில் நம் வார்த்தையைத் திணிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்று டிரம்ஸ் வாசிக்கிறவர் கேட்டார். அவர் அதிகம் பேசாதவர். அன்றைக்கே வரிகளை எடுத்துவிட்டோம்.

சரி, கதை புரியுமா என்றால், யார் யாருக்கு என்ன நடந்தது என்று இசை சொல்லாது, அதை நான் மேலே உரைநடையில் சொல்லிவிட்டேன். போலந்து இசையமைப்பாளர் பெண்டரெட்ஸ்கி 1960 வாக்கில் 52 நரம்பு வாத்தியங்களுக்கு ஒன்று எழுதினார். முதலில் அதற்குப் பெயர் அது ஓடும் நேரம் மட்டும்தான், 8 நிமிடம் 37 விநாடி. பிற்பாடுதான் ஹிரோஷிமாவில் பலியானவர்களுக்கான இரங்கல் என்று பெயர் மாற்றினார். உலகமே இப்போது அதை ஹிரோஷிமாவாகத்தான் கேட்கிறது. இதைச் சொல்லி, ‘அப்போ உங்களுடையதும் தலைப்பால் வந்த கதைதானே’ என்று ஒருவர் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. தலைப்பை எடுத்துவிட்டால் ரயில் பாதை என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்களுக்கு முதல் ஸ்வரம் வருவதற்கு முன்னாலேயே கணக்கு வந்துவிட்டது. அந்தப் பாதையின் அளவை எடுத்துத்தான் தாளம் வெட்டினோம். பெயரை மறந்தாலும் அளவு உள்ளே இருக்கும்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் விளக்குங்கள் அண்ணா. 263, 152 என்று ஏதோ சொன்னீர்கள்.

சொல்கிறேன், ஹெட்போன் போட்டுக்கொண்டு படித்தால் நல்லது.

தண்டவாளங்கள் சேர்ந்த கோன்கொயிட்டா தாய்லாந்து முனையிலிருந்து 263 கிலோமீட்டர், பர்மா முனையிலிருந்து 152 கிலோமீட்டர். கூட்டினால் 415. இடது காதில் நான், தாய்லாந்துப் பக்கம். வலது காதில் இன்னொரு கிடார், பர்மாப் பக்கம். எனக்கு நிமிடத்துக்கு 70 தாள அடி வேகம், சுற்றுக்கு 7 அடி, அதாவது ஒரு சுற்று சரியாக 6 விநாடி. மிஸ்ர சாபு போட்டுப் பழகியவர்கள் தகிட தகதிமி என்று தொடையில் தட்டிப் பார்க்கலாம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர். 263 சுற்று வாசித்து முடிக்க 26 நிமிடம் 18 விநாடி ஆகிறது. அதே நேரத்தில் அந்தப் பக்கம் 152 சுற்றுத்தான் போட வேண்டும், ஆகவே அவருடைய ஒரு சுற்று 10 விநாடியைவிடச் சற்று அதிகம்.

இப்போது பாருங்கள். 263 பகா எண். அதற்கும் 152க்கும் பொதுவாக வகுக்கிற எண் 1ஐத் தவிர எதுவும் கிடையாது. அதனால் முதல் விநாடியில் எங்கள் இரண்டு பேர் சமமும் (சுற்றின் முதல் அடி) ஒன்றாக விழுந்ததென்றால், அடுத்த தடவை ஒன்றாக விழுவது 26:18இல்தான். நடுவில் ஒரே ஒரு தடவைகூடச் சேராது. இதை நாங்கள் திட்டம் போட்டுச் செய்யவில்லை, கணக்கை எழுதிப் பார்த்தபோது அதுவாக இருந்தது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கேட்கும்போது என்ன ஆகும் என்றால், நான் 7 சுற்று முடிக்கிற நேரத்தில் அவர் 4 சுற்றை முடித்திருப்பார், ஏறக்குறைய. சேரப்போகிறது என்று காது தயாராகும், அரை விநாடி தள்ளி விழும். அடுத்த தடவை கிட்டத்தட்ட ஒரு விநாடி. அப்புறம் இன்னும் தள்ளி. ‘ஏதோ ரெக்கார்டிங் தப்பு’ என்று நிறைய பேர் எழுதினார்கள். தப்பு இல்லை, அதுதான் 26 நிமிடமும்.

யோசனை வந்தது அம்மாப்பேட்டையிலிருந்து. பேஸ் வாசிக்கிறவர் வீடு தறிக்காரர் வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் பவர்லூம். இரண்டு தறி ஒரே வேகத்தில் ஓடுவது மாதிரித்தான் இருக்கும், படுத்துக்கொண்டு கேட்டால் கொஞ்சம் கொஞ்சமாக விலகும், ஒரு கட்டத்தில் மாறி மாறி அடிக்கும், திரும்ப நெருங்கும். தூங்கி வளர்ந்ததே அந்தச் சத்தத்தில்தான் என்பார். அவர்தான் சொன்னார், இரண்டு முனையிலும் வேலை செய்தவனுக்கு அடுத்த முனையில் யார் என்றே தெரியாதே, அதை இப்படிச் செய்யலாம் என்று.

12ஆவது நிமிடத்தில் வேகம் கூடுகிறதா?

கூடவில்லை. கூடின மாதிரி கேட்கும்.

1943 தொடக்கத்தில் ஜப்பானியத் தலைமை பாதையை முடிக்க வேண்டிய கெடுவை முன்னால் இழுத்தது. அதற்குப் பிறகு வந்த மாதங்களைத்தான் கைதிகள் ‘ஸ்பீடோ’ காலம் என்று சொன்னார்கள், காவலர்கள் அப்படிக் கத்திக்கொண்டே அடிப்பார்களாம். நாள் கூடவில்லை, ஆளுக்குத் தெம்பும் கூடவில்லை, வேலை மட்டும் கூடியது. ஆகவே நாங்களும் வேகத்தைத் தொடவில்லை. சுற்று அதே 6 விநாடி, அதே 7 அடி. அடிக்கு 4 மீட்டல் இருந்தது 6 ஆகிறது, அப்புறம் 8. சுற்றுக்கு 28 மீட்டல் இருந்த இடத்தில் 56. விநாடிக்கு ஒன்பதுக்கு மேல் வரும், ஏழு நரம்புக் கிடாரின் தடித்த நரம்பில், உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்து. நாலு நிமிடம் அதை விடாமல் வாசித்தால் முழங்கைக்குக் கீழே கல்லு மாதிரி ஆகிவிடும். எடிட்டிங்கில் ஒரு சுற்றை வெட்டி ஒட்டிக்கொண்டே போயிருக்கலாம், யாருக்கும் தெரியாது. செய்யவில்லை. சில இடங்களில் கை தளர்ந்து மீட்டல் பிசிறுகிறது, அதை அப்படியே விட்டிருக்கிறோம்.

19ஆவது நிமிடத்திலிருந்து கிடார் உடைந்து உடைந்து வருகிறதே?

அது காலரா. 1943 மே மாத வாக்கில் மழையோடு சேர்ந்து முகாம்களில் பரவியது. கைதிகளாவது தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்று கட்டுப்பாடாக இருந்தார்கள், அவர்களோடு டாக்டர்கள் இருந்தார்கள். தொழிலாளர் முகாமில் அதைச் சொல்ல ஆள் இல்லை, வைத்தியம் பார்க்க ஆள் இல்லை, சில இடங்களில் புதைக்கவும் ஆள் இல்லை.

இந்த இடத்தில் நான் செய்வது ஒன்றுதான். 56 மீட்டலில் சுற்றுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே போகிறேன். முதல் சுற்றில் 55, அடுத்ததில் 54. எந்த மீட்டல் போகும் என்பதற்கு ஒழுங்கு கிடையாது, நடுவில் போகும், ஓரத்தில் போகும். சுற்றின் நீளம் குறையாது, டிரம்ஸ் நிற்காது, வலது பக்கக் கிடார் திரும்பிக்கூடப் பார்க்காது. 56 சுற்று, 5 நிமிடம் 36 விநாடி. கடைசிச் சுற்றில், 24:30இலிருந்து 24:36 வரை, இடது காதில் ஒன்றுமே இருக்காது.

அடுத்த சுற்றிலேயே 56ம் திரும்ப வரும். இந்த இடம் பலருக்குப் பிடிக்கவில்லை, மெல்ல மெல்லத் திரும்பியிருக்கலாமே என்றார்கள். அங்கே அப்படித்தான் நடந்தது: செத்தவர் இடத்துக்கு மலாயாவிலிருந்து ரயிலில் புது ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஆரம்பத்தில் நாளுக்கு ஒரு டாலர் சம்பளம், சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். யாரும் வரவில்லை என்றானதும் தோட்டம் தோட்டமாகப் பிடித்தார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கதவைச் சாத்தி அப்படியே ரயிலில் ஏற்றியதாகவும் பதிவு இருக்கிறது.

இதற்கும் சேலத்துக்கும் என்ன சம்பந்தம்?

மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. தஞ்சாவூர், திருச்சி, வட ஆற்காடு மாதிரி. நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறி பினாங்கில் இறங்குவார்கள். 1938இல் இந்திய அரசு தொழிலாளர்கள் அப்படிப் போவதை நிறுத்தியது.

அதற்கு ஒரு வருடம் முன்னால், 1937இல், என் அப்பாயியின் அண்ணன் போனார். வாழப்பாடிப் பக்கம் ஊர், அவருக்கு அப்போது 19 வயது, அப்பாயிக்கு ஏழு. கடுதாசி வரும், பணம் வரும். ‘அண்ணன் வெள்ளி அனுப்புவாரு’ என்று அப்பாயி சொல்லும்போது நான் சின்னப் பையனாகக் கொலுசு வெள்ளியைத்தான் நினைத்துக்கொள்வேன், செவ்வாப்பேட்டையில் தட்டுகிற வெள்ளிதானே எங்களுக்குத் தெரியும். மலாயாத் தமிழர்கள் டாலரை வெள்ளி என்பார்கள் என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. 1941 கடைசியோடு கடுதாசி நின்றுவிட்டது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் அந்த ரயில் பாதைக்குத்தான் போனார் என்று நான் எங்கும் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள்.

செத்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசைக்குப் படைப்பது வழக்கம். எங்கள் வீட்டில் அன்றைக்குக் கடைசியில் ஓர் இலை தனியாகப் போடுவார்கள். சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, எல்லா இலைக்கும் என்ன உண்டோ அதற்கும் உண்டு. சூடம் மட்டும் அந்த இலைக்குக் காட்டவே விடமாட்டார் அப்பாயி. அப்பா ஒரு தடவை மறந்துபோய்த் தட்டை அந்தப் பக்கம் கொண்டுபோனார், அப்பாயி கையைப் பிடித்து நிறுத்தினார். ‘உசுரோட இருக்கறவனுக்கு யாராச்சும் சூடம் காட்டுவாங்களா’ என்றார். அப்போது அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அப்புறம் அந்த இலையில் என்னை உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்வார். ஒவ்வொரு வருடமும் நான்தான் சாப்பிட்டேன்.

மெட்டல் என்றாலே வெறியேற்றுகிற இசை. இத்தனை சாவுக்கு அது பொருத்தமா?

இந்தக் கேள்வி எங்களுக்கே ரொம்ப நாள் இருந்தது, இப்போதும் முழுதாகத் தீரவில்லை. டபுள் பேஸ் டிரம்மைத் துப்பாக்கி மாதிரி அடித்தால் கேட்கிறவனுக்கு ரத்தம் சூடாகும், அது உடம்பு செய்கிற வேலை, அவன் தப்பு இல்லை. போரைப் பற்றிய மெட்டல் பாட்டுகளில் பாதி இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன; கண்டிக்கிறேன் என்று ஆரம்பித்து, வீரப் பாட்டாக முடிந்துவிடும். எங்களுக்கு அது நடந்துவிடக் கூடாது என்று பயந்தோம். அதனால் துப்பாக்கி, குண்டு, விமானம் என்று ஒரு சத்தத்தையும் போலச் செய்யவில்லை. கிடார் சோலோ கிடையாது. தலை ஆட்டுகிற மாதிரி ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வருகிற கிடார் துணுக்கு) அமைந்தால் நாலு சுற்றுக்கு மேல் அதில் நிற்பதில்லை.

ஆனாலும் மெட்டலை விடவில்லை. இந்தக் கதையில் இருப்பது சண்டை இல்லை, வேலை. பாறையில் உளி இறங்குகிற சத்தம், அதே அடி, நாள் முழுக்க, ராத்திரியும். ஹெல்ஃபயர் பாஸ் என்று ஒரு பாறை வெட்டு இருக்கிறது, ராத்திரி தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக ஆட்கள் வெட்டுவதைப் பார்த்து நரகத் தீ என்று கைதிகள் வைத்த பெயர். இரும்பும் கல்லும் மோதுகிற இந்தக் கனத்தை வயலினிலோ புல்லாங்குழலிலோ கொண்டுவர எனக்குத் தெரியாது. தடித்த நரம்பை இறக்கிச் சுருதி கூட்டி, ஓவர்டிரைவ் போட்ட கிடாரில் வரும்.

ப்ராக்ரெசிவ் மெட்டல் என்றால் என்ன ப்ரோ, சுருக்கமாக?

பல்லவி, சரணம் என்று ஒரே அச்சில் திரும்பாமல், தாளமும் நடையும் மாறிக்கொண்டே நீளமாகப் போகிற மெட்டல். 80களில் அமெரிக்காவில் குயீன்ஸ்ரைக், ஃபேட்ஸ் வார்னிங், ட்ரீம் தியேட்டர் என்று ஆரம்பித்தது. ஸ்வீடனின் மெஷுகா, கிடாருக்கு ஒரு சுற்றும் டிரம்ஸுக்கு வேறு சுற்றும் வைத்து மோதவிடுவார்கள். எங்கள் கணக்குக்கு அவர்கள்தான் தைரியம் கொடுத்தார்கள். ஏழு, ஐந்து, ஒன்பது என்று தாளம் வந்தால் வெளிநாட்டில் விரல் விட்டு எண்ணுவார்கள், நமக்குக் கண்ட சாபும் மிஸ்ர சாபும் கோயிலில் தவில் கேட்டே பழக்கம். எங்கள் டிரம்ஸ்காரர் பத்து வருடம் மிருதங்கம் படித்தவர்.

நடுவில் ஒரு இடத்தில் ஒப்பாரி மாதிரி கேட்கிறது. ஒப்பாரிதானா?

ஆமாம், நாலு இடத்தில் வருகிறது, ஒவ்வொன்றும் 20 விநாடிகூட இருக்காது. ஒப்பாரியில் வரி உச்சியில் ஆரம்பித்துப் படிப்படியாக இறங்கி, கடைசியில் மூச்சோடு உடையும். அந்த இறக்கத்தை மட்டும் கிடாரில் நரம்பை இழுத்து விட்டு எடுத்தோம். முகாரி வைக்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது, கேட்டதும் கச்சேரி மேடை ஞாபகம் வந்தது, விட்டுவிட்டோம். எந்த ஒப்பாரியும் முழுதாக முடியாது, சமம் வந்து நடுவில் வெட்டிவிடும். அங்கே யாருக்கு உட்கார்ந்து அழ நேரம் கொடுத்தார்கள்?

‘க்வாய் நதிப் பாலம்’ படத்தின் கதையா இது?

இல்லை. அந்த 1957 படம் போர்க் கைதிகளை வைத்துச் சொன்ன கற்பனைக் கதை, எடுத்தது இலங்கையில். அதில் நம் ஆட்களைத் தேடாதீர்கள்.

ஈழத்தை விட்டுவிட்டு எண்பது வருடப் பழைய கதை எதற்கு?

கோபமாகத்தான் கேட்கிறார்கள், கோபம் எனக்குப் புரிகிறது. சேலம் மாவட்டத்திலேயே ஈழத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன, என்னோடு படித்தவர்கள் அங்கிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு வாய் இருக்கிறது, அவர்கள் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள், பாடுகிறார்கள். அந்தக் கதையை அவர்கள் சொல்ல, நான் கேட்பேன். சயாமுக்குப் போனவர்களில் பேசக்கூடியவர் இன்று ஏறக்குறைய யாரும் மிஞ்சவில்லை.

டிரம்ஸ் சத்தம் ஏதோ பெரிய மண்டபத்தில் மாதிரி இருக்கிறது, எங்கே எடுத்தீர்கள்?

ஏற்காட்டில், தெரிந்தவர் ஒருவரின் காபி எஸ்டேட்டில், கொட்டை மூட்டை அடுக்குகிற பழைய கொடவுனில். கல் சுவர், ஓட்டுக் கூரை, உள்ளே ஒரு கை தட்டினால் சத்தம் எழுந்து நிதானமாக அடங்கும். டிரம்ஸ் செட்டைச் சின்ன யானை வண்டியில் ஏற்றி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனோம். ஆகஸ்ட் மாதம். பகல் இரண்டு மணிக்கே மேகம் கதவு வழியாக உள்ளே வந்துவிடும். ஈரத்தில் டிரம் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சாவி போட்டு முறுக்க வேண்டும். கடைசி நாள் முறுக்குவதை நிறுத்திவிட்டோம், காலராப் பகுதியில் டிரம்ஸ் சோர்ந்துபோய் ஒலிப்பது அதனால்தான். அங்கே வேலை செய்கிற ஒரு அம்மா வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார், ‘எதுக்குங்க தம்பி இவ்ளோ நேரம் ஒரே மாதிரி அடிக்கிறாரு’ என்றார். ரயில் ரோடு போட்டவர்களுக்காக என்று சொன்னேன். எங்கே என்று கேட்டார், பர்மா என்றதும், ‘எங்க பாட்டி ஊர்லருந்தும் போயிருக்காங்க’ என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

26:18க்குப் பிறகு உச்சம் ஒன்றும் இல்லையே? கடைசிக் கால் மணி நேரம் எதற்கு?

சேர்ந்ததும் இரண்டு கிடாரும் ஒரே மெட்டை ஒன்றாக வாசிக்கும், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக. எல்லோருக்கும் பிடித்த இடம் அதுதான், அதை இன்னும் நீட்டியிருக்கலாம் என்று கேட்காதவர் குறைவு. நீட்ட மனசு வரவில்லை. பாதை திறந்தபோது ஓடிய சி56 ரக ரயில் என்ஜின் இன்று டோக்கியோவில் யாசுகுனி கோயில் வளாக அருங்காட்சியகத்தில் துடைத்து மினுக்கி நிற்கிறது. பாதையின் பெரும் பகுதி போருக்குப் பிறகு பெயர்த்தெடுக்கப்பட்டுவிட்டது, இப்போது தாய்லாந்துப் பக்கம் ‘நாம் டோக்’ என்ற ஊர் வரைக்கும்தான் ரயில். அதை முடித்த மெட்டு ஒரு நிமிடம் போதும்.

மீதி 15 நிமிடம் 12 விநாடி, பர்மாப் பக்கத்து 152 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு அதே 6 விநாடி. தண்டவாளத்தைப் பெயர்க்கிற மாதிரி ஒவ்வொரு வாத்தியமாக எடுத்துக்கொண்டே போகிறோம். கடைசியில் மிஞ்சுவது அந்தக் கொடவுன் ஓட்டில் பெய்த மழை. தனியாகச் சேர்த்த சத்தம் இல்லை, அன்றைக்கு மைக்கில் விழுந்தது.

எப்படிக் கேட்டால் நன்றாக இருக்கும்?

ஹெட்போன், கட்டாயம். போன் ஸ்பீக்கரில் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்துவிடும், அப்புறம் யார் எந்த முனையில் இருக்கிறார்கள் என்றே தெரியாது. இடது, வலது மாற்றிப் போடாதீர்கள். ஒரே மூச்சில் கேட்க நேரம் இல்லையென்றால் 19ஆவது நிமிடத்தில் நிறுத்தி, இன்னொரு நாள் அங்கிருந்து ஆரம்பியுங்கள். முதல் தடவையே நேராக 26:18க்குத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்க வேண்டாம், அங்கே வரை நடந்து வாருங்கள்.